அடைக்கலம் புகுந்த பறவை

பறவைகளுள் மனிதனை அஞ்சி விலகி வாழ்வன பல; அவன் மனையை நாடி வந்து வாழ்வன சில. கூரைத் தாழ்வாரத்திலும் சுவர்ப் பொந்திலும் கூடு கட்டும் சிட்டுக்குருவியை அடைக்கலான் குருவி எனப் பெயரிட்டு அழைத்தனர் தமிழர். தன் இல்லம் புகுந்த சிற்றுயிரை அடைக்கலப் பொருளாக ஏற்றுக்கொண்ட உள்ளத்தின் இயல்பு அப்பெயரிலேயே விளங்குகின்றது. இவ்வடைக்கல உறவு தன் எல்லையைத் தொட்டுவிட்ட வரலாறொன்று வட அமெரிக்காவில் உண்டு. அங்கே றொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வாழும் ஒரு பறவையினம், மனிதன் அமைத்துக் கொடுக்கும் உறையுளிலன்றி வேறிடத்தில் முட்டையிடுவது இக்காலத்தில் மிக அரிதாகிவிட்டது. அதன் குஞ்சுகள் பிழைப்பதும் மாய்வதும் பெரும்பாலும் வீட்டு முற்றத்தில் கம்பம் நாட்டிய மனிதனின் அறிவையும் விழிப்பையும் பொறுத்தனவாம். ஆங்கிலத்தில் 'பேர்ப்பிள் மாட்டின்' என வழங்கும் அப்பறவையை ஊதாத் தகைவிலான் எனத் தமிழிற் குறிக்கலாம். உலர்ந்த சுரைக்குடுவையே அதற்கு மனிதன் ஈந்த வீடுகளுள் மிகத் தொன்மையானது.

பறவையின் இயல்பு

ஊதாத் தகைவிலான் வட அமெரிக்கத் தகைவிலான் இனங்கள் யாவற்றிலும் பெரியது. எனினும் அதன் நீளம் ஏறத்தாழ 8 அங்குலமே. நிறை 2 அவுன்சுக்குச் சற்றுக் குறைவு. முதிர்ந்த ஆண் பறவை உடல் முழுவதும் கருநீலமாய் மின்னும். பெண் பறவையும் ஓராண்டு நிரம்பிய இளம்பறவையும் வயிற்றுப் புறத்திற் சாம்பல் நிறம் உடையன. பறக்கும் பூச்சிகளை விண்ணிலேயே பிடித்து உண்பது இதன் வாழ்க்கை. தும்பி, வண்டு, சிறகு முளைத்த எறும்பு, வண்ணத்துப்பூச்சி என்பன அதன் உணவாகும். தரையில் இறங்கி இரை பொறுக்குவது அதன் வழக்கமன்று. ஆதலின் பூச்சிகள் பறவாத குளிர்நாளும் மழைநாளும் இதற்குப் பட்டினி நாள்களேயாம்.

குளிர்காலத்தைப் பிரேசில் முதலிய தென்னமெரிக்க நாடுகளிற் கழித்துவிட்டு வசந்தத்தில் இது வடக்கே மீளும். புளோரிடாவுக்கு ஜனவரி மாதத்திலேயே முதற் பறவைகள் வந்து சேரும். கனடாவின் எல்லைப்புறத்தை அடைவதற்கு ஏப்பிரல் இறுதியோ மே மாதமோ ஆகும். பறவையின் முதுகில் மிகச் சிறிய ஒளியளவிக் கருவியைப் பொருத்தி அதன் வழியை ஆராய்ந்த அறிஞர், தம் முடிவுகளை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமேசன் வடிநிலத்திலிருந்து புறப்பட்ட ஒரு பெண் பறவை ஏறத்தாழ 7,500 கிலோமீற்றர் தூரத்தை 13 நாள்களிற் கடந்து பென்சில்வேனியாவிலுள்ள தன் பழைய இருப்பிடத்தை அடைந்ததென அவ்வாய்வு காட்டிற்று. இத்துணைத் தொலைவு கடந்து வரும் பறவை, முன்னைய ஆண்டில் தான் வாழ்ந்த முற்றத்தையே தேடி வருகின்றது. அங்கே குடுவை தொங்குமென்ற நம்பிக்கையே அதனை வழிநடத்துவது போலும்!

குடுவை வந்த வரலாறு

பண்டைக் காலத்தில் இப்பறவை மரங்கொத்தி குடைந்துவிட்ட மரப்பொந்துகளிற் குடியிருந்தது. மேற்கே பசிபிக் கரையோரத்திலும் அரிசோனாப் பாலைநிலத்துப் பெருங்கள்ளிகளிலும் அவ்வழக்கத்தை இன்றும் காணலாம். கிழக்கிலோ, ஐரோப்பியர் குடியேறுமுன்னரே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் இதனைத் தம் மனைப்பக்கம் அழைத்துவிட்டனர். தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த சொக்ரோ, சிக்கசோ என்னும் குடியினர், குடிலருகே நின்ற இளமரத்தின் நுனிகளைத் தறித்து, எஞ்சிய கிளைக் கவர்களிற் குடைந்த சுரைக்குடுவைகளைத் தொங்கவிட்டதை அலெக்சாண்டர் வில்சன் என்னும் பறவையியலறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பதிவு செய்துள்ளார். அவருக்கு முன், 18ஆம் நூற்றாண்டில், கரோலினாப் பகுதியின் இயற்கை வரலாற்றை எழுதிய மாக் கேற்ஸ்பி என்பாரும் கம்பத்திற் கட்டிய சுரைக்குடுவைகளையும் அவற்றிற் கூடு கட்டிய இப்பறவைகளையும் குறிப்பிட்டுள்ளார்.

அம்மக்கள் இதனை அழைத்தமைக்குக் காரணம் அன்பு மட்டுமன்று. தன் கூட்டருகே வரும் காகத்தையும் பருந்தினத்தையும் கூட்டமாய்த் துரத்தும் இயல்பு இப்பறவைக்கு உண்டு. ஆதலின் கோழிக் குஞ்சுகளுக்கு அது காவலாயிற்று. மனிதன் உறையுள் ஈந்தான். பறவை காவல் ஈந்தது. இக்கைம்மாறு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. குடுவையிற் பிறந்த குஞ்சு வளர்ந்து குடுவையையே வீடெனத் தேடிற்று. காலப்போக்கிற் காடுகள் அழிந்தன. பட்ட மரங்கள் வெட்டுண்டன. கிழக்கிலே மரப்பொந்து வாழ்க்கை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. இவ்வாறு மனிதனின் விருந்தாளியாய் வந்த பறவை அவனையே நம்பி வாழும் குடியாளாகிவிட்டது.

குடுவை தந்த சுரைக்கொடியும் நெடும்பயணம் செய்த ஒன்றே. தமிழர் தோட்டங்களிற் படரும் அதே சுரையினமே அமெரிக்கப் பழங்குடி மக்களிடமும் இருந்தது. ஆபிரிக்காவிற் பிறந்த இக்கொடியின் காய்கள் கடலில் மிதந்தே அமெரிக்கக் கரையை அடைந்திருக்கலாமென 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கூறுகின்றது. யாழ்ப்பாணத்து மூதாதையர் நீரும் விதையும் சேமித்து வைத்த குடுவை, மற்றொரு கண்டத்திற் பறவைக்கு இல்லமாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

வேற்று நாட்டுப் பகைவர்

நம்பிவந்த பறவைக்கு மனிதன் நன்மை மட்டும் செய்தானல்லன். 1850ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சிட்டுக்குருவிகள் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் விடப்பட்டன. 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மைனாவுக்கு உறவான ஸ்ரார்லிங் என்னும் பறவை அந்நகரின் மத்திய பூங்காவில் விடப்பட்டது. இவ்விரண்டும் சில பத்தாண்டுகளிற் கண்டமெங்கும் பரவின. இரண்டும் பொந்திலே கூடு கட்டுவன. இரண்டும் தகைவிலான் தென்னாட்டிலிருந்து திரும்புமுன்னரே இடம் பிடித்துக்கொள்வன. சிட்டுக்குருவி தகைவிலானின் முட்டைகளைக் கொத்தி உடைக்கும். குஞ்சுகளைக் கொன்று வெளியே தள்ளும். அவற்றின் மேலேயே தன் கூட்டைக் கட்டுவதும் உண்டு. வலிமை மிக்க ஸ்ரார்லிங் முதிர்ந்த பறவையையே கொன்றுவிடும்.

ஓரிடத்தில் அடைக்கலமெனப் போற்றப்படும் குருவி, மற்றோரிடத்தில் அடைக்கலம் புகுந்த உயிருக்குக் கூற்றாவது வியப்பே. இதிற் குருவிமேற் குற்றமில்லை. தனக்குரிய மண்ணில் அது இயற்கையின் ஒழுங்கிலே அடங்கி வாழ்கின்றது. பெயர்த்து நட்ட மண்ணிலே அவ்வொழுங்கு குலைந்துவிட்டது. பெயர்த்து நட்டவன் மனிதனாதலின், அதன் விளைவைத் தாங்கவேண்டிய கடனும் அவனுடையதே. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டம் தகைவிலானுக்கு அந்நாட்டிற் பாதுகாப்பு அளிக்கின்றது. அயலிலிருந்து வந்த இவ்விரு பறவைகளுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. ஆகவே கம்பம் நாட்டியவர் குருவியின் கூட்டை மீண்டும் மீண்டும் அகற்றுகின்றனர். பொறி வைத்தும் பிடிக்கின்றனர். குருவி குடிகொண்ட குடுவையைக் கவனியாது விட்டுவிடுவதிலும் குடுவையே தொங்கவிடாதிருத்தல் நன்று என்பது அவர்தம் கொள்கை.

ஸ்ரார்லிங்கைத் தடுப்பதற்கு நுட்பமான வழியொன்று கண்டறியப்பட்டுள்ளது. பழைய குடுவைகளின் வாயில் ஏறத்தாழ 2 1/8 அங்குல விட்டமுள்ள வட்டமாகும். அதற்குப் பதிலாக இக்காலத்திற் பிறை வடிவில், உயரம் 1 3/16 அங்குலமே உள்ளதாக வாயில் வெட்டப்படுகின்றது. தகைவிலானின் கால்கள் குறுகியவை; அது உடலைத் தாழ்த்தி ஊர்ந்து நுழையவல்லது. ஸ்ரார்லிங்கின் மார்போ சற்றே பருத்தது. ஆதலின் அது வாயிலிலே தடைப்படும். அளவு சிறிது பெருத்தால் பகை நுழையும். சிறிது குறைந்தால் உரிய பறவையே நுழைய இயலாது. உருவிற் சிறிய சிட்டுக்குருவியை இவ்வாயில் தடுக்காது. அதற்கு மனிதனின் கண்ணே காவல்.

குடுவையும் கம்பமும்

குடுவைக்கென விளைந்த முற்றிய காய்களைப் பல மாதங்கள் உலர விடுவர். உலர்ந்தபின் மேற்றோலைச் சுரண்டி, வாயில் வெட்டி, உள்ளிருக்கும் விதையையும் சோற்றையும் அகற்றுவர். அடியிற் சிறு துளைகள் சிலவற்றை இடுவர்; உட்புகும் மழைநீர் வடிவதற்கு அவை வழியாகும். கழுத்திலே கம்பி கோக்கத் துளையிட்டபின், பூஞ்சணமும் அழுகலும் அணுகாதிருக்க மயில்துத்தம் கரைத்த நீரில் ஊறவிடுவதும் உண்டு. ஈற்றில் வெண்ணிறம் பூசுவர். வெண்மை வெயிலை எதிர்த்தெறிந்து உட்புறத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். கோடையிற் குடுவை உலையாகிவிடுமாயின், வெப்பம் தாங்காத குஞ்சுகள் சிறகு முற்றுமுன்னரே வெளியே குதித்து மாயும்.

குடுவையின் பக்கத்திலே கை நுழையுமளவு மற்றொரு துளையிட்டு அதற்குத் திருகு மூடி பொருத்துதல் இன்றியமையாதது. இம்மூடியில்லாத குடுவை, உள்ளே நிகழ்வதை எவரும் அறியமுடியாத சிறையாகிவிடும். குஞ்சு நோயுற்றாலும் பூச்சிகளால் வருந்தினாலும் உதவ வழியில்லை.

கம்பம் நாட்டும் இடமும் ஆராய்ந்து தெரிதற்குரியது. மரங்களிலிருந்து 40 அடிக்குக் குறையாத வெளியிலே, மனிதர் வாழும் வீட்டிலிருந்து 30 முதல் 120 அடி வரையுள்ள தூரத்திலே அதனை நாட்டுவர். மரம் அணித்தாயிருப்பின் வல்லூறு மறைந்திருந்து பாய்தற்கு வாய்ப்பாகும். வீடு மிகச் சேய்த்தாயின் பறவை அதனை விரும்பாது. குடுவைகள் 12 முதல் 20 அடி உயரத்திலே தொங்கும். கயிறும் கப்பியும் கொண்டு அவற்றை எளிதில் இறக்கவும் ஏற்றவும் கூடியதாய்க் கம்பம் அமையவேண்டும். ஏணி வைத்து ஏறவேண்டிய கம்பத்தை நாளடைவில் எவரும் பார்ப்பதில்லை.

குஞ்சுகளைப் பேணும் முறை

தகைவிலான் சேற்றாலும் சுள்ளியாலும் வைக்கோலாலும் கூடமைத்து, அதன்மேற் பச்சிலைகளைப் பரப்பி, பெரும்பாலும் 4 அல்லது 5 வெண்முட்டைகளை இடும். பெண் பறவை 15 முதல் 18 நாள் வரை அடைகாக்கும். பொரித்த குஞ்சு கண் திறவாது, தூவியின்றி, விரல் நுனியளவிற் கிடக்கும். இரண்டாம் வாரத்திற் கண் திறந்து இறகுக் குருத்துகள் தோன்றும். மூன்றாம் வாரத்தின் முடிவில் முதிர்ந்த பறவையின் நிறையை எட்டிவிடும். 26 முதல் 32 நாளளவிற் பறந்து செல்லும். இம்முப்பது நாளே காவற்காலம்.

கம்பம் உடையார் ஐந்து அல்லது ஏழு நாளுக்கொருமுறை குடுவைகளை இறக்கிப் பார்ப்பர். ஒவ்வொரு குடுவைக்கும் எண் இட்டு, முட்டையின் தொகையையும் குஞ்சின் வயதையும் குறிப்பேட்டில் எழுதுவர். முற்பகலின் இறுதியும் நண்பகலை அடுத்த வேளையும் இதற்கு ஏற்றவை. மழையிலும் குளிரிலும் மாலையிலும் திறத்தல் ஆகாது. மனிதன் கைபட்ட குஞ்சைத் தாய் கைவிட்டுவிடும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. அது உண்மையன்று. தகைவிலான் தன் குஞ்சுகளைத் தொட்டவனை வட்டமிட்டு ஒலியெழுப்பும். அவன் அகன்றதும் இரையோடு திரும்பும்.

குஞ்சுகளுக்குக் கூட்டினுள்ளேயே பெரும் பகை உண்டு. ஒருவகை இலையானின் புழுக்களும் சிற்றுண்ணிகளும் தெள்ளுகளும் கூட்டின் அடியிலே மறைந்திருந்து அவற்றின் குருதியை உறிஞ்சும். சில குஞ்சுகள் மெலிந்து மாயும். சில, தாங்கமாட்டாமல் உரிய காலத்துக்கு முன் வெளியே பாயும். மழைநீர் புகுந்து கூடு நனைந்தாலும் குஞ்சுகள் விறைத்துப் போகும். இவற்றிற்கு மருந்து கூட்டை மாற்றுதலேயாம். முற்காலத்திற் பூச்சிகொல்லித் தூள் தூவும் வழக்கம் இருந்தது. இக்காலத்தில் அதனைத் தவிர்த்துக் கூடு மாற்றுவதையே சிறந்ததெனக் கொள்வர்.

குஞ்சுகளுக்கு 10 நாள் வயதாகும்போது ஒருமுறையும் 20 நாள் வயதாகும்போது மறுமுறையும் கூடு மாற்றுதல் வழக்கம். குடுவையை இறக்கியதும் குஞ்சுகளை மெத்தென்ற உலர்பொருள் பரப்பிய வாளியில் எடுத்து வைப்பர். அவற்றின் மேனியில் ஊரும் பூச்சிகளைத் துடைப்பர். பழைய கூட்டை முழுவதும் வாரி அப்பால் எறிந்து, உலர்ந்த மரச்சீவலையோ பைன் மரத்து ஊசியிலையையோ வைக்கோலையோ இட்டு, நடுவே கையால் அழுத்திக் குழியாக்குவர். அக்குழியிற் குஞ்சுகளை வைத்து மூடியைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது. எல்லாம் சில நிமிடங்களில் நிறைவேற வேண்டும்.

இரண்டு செய்திகள் மறத்தற்குரியனவல்ல. ஒன்று, ஒரு குடுவையின் குஞ்சை மற்றொன்றில் மாற்றி வைத்தல் ஆகாது. மற்றொன்று, குடுவைகள் முன்னர் நோக்கிய திசையையே மீண்டும் நோக்கும்படி ஏற்றுதல் வேண்டும். தாய்ப்பறவை தன் வீட்டை இருந்த இடங்கொண்டே அறியும். கம்பம் சிறிது திரும்பிவிட்டாலும் அது அயல்வீட்டுக்குட் புகுந்து திகைக்கும், குஞ்சுகள் பசித்திருக்கும்.

குஞ்சுகளுக்கு 22 நாள் நிரம்பியபின் குடுவையைத் திறவாதிருத்தலே அறிவுடைமை. இறகு முளைத்துப் பறக்கும் வலிமை கைகூடாத அப்பருவத்தில் அவை அஞ்சினால் பாய்ந்துவிடும். பாய்ந்த குஞ்சு தரையிற் பூனைக்கு இரையாகும். அத்தகைய குஞ்சைக் கண்டால் அதனைத் தன் குடுவையிலேயே சேர்த்து, வாயிலைத் துணியாற் சில நிமிடம் அடைத்து வைத்து, அது அடங்கியபின் துணியை எடுத்துவிடுவர். உரிமம் இல்லாதார் அதனைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பதற்குச் சட்டம் இடங்கொடாது. பெற்ற பறவையைப்போல் ஊட்டி வளர்க்க மனிதனால் இயலவும் இயலாது.

கம்பத்தில் ஏறுவனவும் வானத்திலிருந்து வருவனவும்

சாரையை ஒத்த மரமேறும் பாம்புகள், றக்கூன் என்னும் இரவு விலங்கு, ஆந்தை, வல்லூறு என்பன குஞ்சுகளைக் கவரும். ஓரிரவிற் கம்பம் முழுவதும் வெறுமையாகிவிடுதலும் உண்டு. அவ்வழிவைக் கண்ட முதிர் பறவைகள் இடத்தையே துறந்து போகும். யாழ்ப்பாணத்தார் தென்னையில் எலி ஏறாதிருக்கத் தகரம் சுற்றுவது போல, அந்நாட்டார் கம்பத்தின் இடையிலே தரையிலிருந்து 4 அல்லது 5 அடி உயரத்தில் வழுக்கும் உலோக உருளையைப் பூட்டுவர். பாம்பு சிக்கும்படி வலையைக் கம்பத்திற் சுற்றுவதும் உண்டு. ஆந்தை காலை நுழைத்துக் குஞ்சைப் பற்றாதிருக்கக் குடுவையின் ஆழமே ஓரளவு காப்பாகின்றது. வாயிலுக்குச் சிறு நடைகூடம் அமைத்தோ குடுவைகளைச் சுற்றிக் கம்பிவேலி இட்டோ அக்காப்பை மிகுவிப்பர். பலகையாற் செய்த பழைய மாடி வீடுகளின் ஆழமற்ற அறைகளை நோக்க, குடுவை மேலானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானிலையே வெல்லுதற்கரிய பகை. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்னிஸ் என்னும் சூறாவளி வடகிழக்கு மாநிலங்களில் நாள்கணக்காக மழை பொழிந்தபோது, பூச்சிகள் பறவாமையால் குஞ்சுகளும் முதிர்ந்த பறவைகளும் பெருந்தொகையாகப் பட்டினியால் மாண்டன. இத்தகைய காலத்துக்கென இப்போது ஒரு வழி கைக்கொள்ளப்படுகின்றது. பறந்தபடியே இரை பிடிக்கும் பறவைக்கு நிலத்தில் வைத்த உணவு உணவாகத் தோன்றாது. ஆகவே சிள்வண்டுகளைக் கரண்டியால் வானத்தை நோக்கி வீசுவர். ஒரு பறவை அதனைப் பாய்ந்து பற்றினால் ஏனையவும் கற்றுக்கொள்ளும். பின்னர் சமைத்து உதிர்த்த முட்டையையும் கம்பத்துத் தட்டிலிருந்து உண்ணப் பழகும். தாய்க்குக் கிடைத்த ஒரு கவளம் குஞ்சுக்கும் உயிராகும்.

பயன் நோக்கா அறம்

இப்பறவை ஒரு நாளிலே 2,000 நுளம்புகளை உண்ணும் என்னும் கூற்று 1960ஆம் ஆண்டுகளில் அந்நாட்டிற் பரவிற்று. அதனை நம்பிப் பலர் பறவை வீடுகளை வாங்கி நாட்டினர். 1968ஆம் ஆண்டில் ஹேர்பேட் கேல் என்னும் ஆய்வாளர் அதற்குச் சான்றில்லை என்பதை விளக்கினார். தகைவிலான் பகலிலே உயரப் பறந்து இரைதேடுவது. நுளம்போ அந்தியிலும் இரவிலும் தாழப் பறப்பது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்புச் சிறிது. ஆயினும் உண்மை வெளிப்பட்டபின் குடுவைகள் இறக்கப்படவில்லை. நுளம்புக்காக நாட்டிய கம்பத்தைப் பறவைக்காகவே வைத்திருந்தோர் பலர்.

அவர்களிற் பெரும்பாலோர் முதியோர் என்பதே இன்றுள்ள கவலை. பேணியவர் மறைந்தபின் கயிறு இற்றுக் குடுவை வீழ்கின்றது. அல்லது குருவி குடியேறுகின்றது. அடுத்த வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் பறவை, வாயில் அடைபட்ட வீட்டைச் சுற்றி வட்டமிடுகின்றது. இதனாலேயே சிறுவர்க்கு இக்கலையைப் பயிற்றும் முயற்சிகள் அங்கே நடைபெறுகின்றன.

குளிரில் நடுங்கிற்றெனக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். அதனைக் கொடைமடம் எனப் புகழ்ந்தது தமிழ்ச் சான்றோர் உலகம். மயில் போர்வையை உடுக்குமா என அவன் ஆராயவில்லை. ஆராயாமையே அவ்வருளின் அழகு. குடுவையில் வாழும் குஞ்சுக்கோ அவ்வழகு போதாது. வாயிலின் அளவு, கூடு நனைந்த நாள், குஞ்சின் வயது, கம்பம் நோக்கிய திசை என்பனவற்றை அறியாத அருள் அதற்கு ஊறாகவும் முடியும். குடுவையைத் தொங்கவிடுதல் ஒரு நாளின் கொடை. அதனுள் வந்தடைந்த உயிரைக் காத்தல் ஆண்டுதோறும் திரும்பிவரும் கடமை. அடைக்கலம் தந்தேன் என்று கூறும் உரிமை அக்கடமையை ஏற்றவனுக்கே உரியதாகும்.